அத்தியாயம் 9: ஹீட் மீட்டர் சொல்வது உண்மையா?

இன்ஜின் வெப்ப சென்சார் இன்ஜினைச் சூடாக்காது, குளிர வைக்கவும் செய்யாது. உள்ளே ஓடும் கூலன்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் வண்டி ஹீட் ஏறியதும் சென்சாரை மாற்றி, மறுநாள் மறுபடி ஹீட் ஏறி, கடைசியில் ஹெட் கேஸ்கட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் சோமனூர் வட்டாரத்தில் குறைவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. ரேடியேட்டரைக் கழற்றி, வாட்டர் பம்ப்பை மாற்றி, எதுவும் பலிக்காமல், முடிவில் சென்சார் கப்ளரைச் சுத்தம் செய்ததும் சரியான வண்டிகளும் உண்டு.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரே கேள்வி: சூடு நிஜமா, மீட்டர் பொய்யா? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிதான்.

நம் பக்கத்து ஓட்டம்

சோமனூர், சாமளாபுரம், கருமத்தம்பட்டி, காரணம்பேட்டை பக்கம் ஓடும் சரக்கு வண்டிகளின் பிழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சைசிங் மில்லில் பாவு பீம் ஏற்றித் தறிக்குடோனில் இறக்குவது, நெய்த காடாத் துணியை ஜவுளிக்காரர் குடோனுக்குக் கொண்டுபோவது, நடுவில் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ ஒரு நடை. சில கிலோமீட்டர் ஓட்டம், அரைமணி நேரம் நிறுத்தம், மறுபடி சில கிலோமீட்டர். இப்படி ஓடும் வண்டியில் ஒரு பயம் அடிக்கடி வரும். சூடான இன்ஜினை நிறுத்தியதும் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும், ஆனால் ஹெட்டில் தங்கிய சூடு கூலன்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். லோடு இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால், முள் நிறுத்தியபோது இருந்ததைவிடச் சற்று மேலே நிற்கும். ஓட்டத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிட்டால் அது நோயல்ல. அதற்காகச் சென்சாரை மாற்ற வேண்டாம்.

எந்தக் காலத்து வண்டி என்பதைப் பொறுத்துச் சென்சாரின் அதிகாரம் மாறும். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி. பழைய ஏஸில் டீசல் அளவைத் தீர்மானிக்கும் கணினி கிடையாது. அதில் சென்சார் கெட்டால் முள் தவறாகக் காட்டும், அவ்வளவுதான். வண்டி ஓடும் விதம் மாறாது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்று புகை விதிகள் இறுகிய பிறகு நிலைமை வேறு. இப்போதைய ஏஸ், டோஸ்த், பொலிரோ பிக்கப் எதுவானாலும், எவ்வளவு எரிபொருள் விடுவது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓட்டுவது, டீசலில் குளோ பிளக்கை எத்தனை நொடி சூடாக்குவது என்பதையெல்லாம் இசிஎம் என்ற இன்ஜின் கணினி இந்தச் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. பல பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று இசிஎம் நினைத்தால், டிபிஎஃப் என்ற புகைவடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையும் தள்ளிப்போகும். சென்சார் கோளாறு என்று வந்த வண்டி டிபிஎஃப் விளக்கோடு நிற்பது இதனால்தான்.

சிஎன்ஜி கிட் பொருத்திய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கிட்டுகளில் ரெட்யூசரில் இதே வகைச் சென்சார் தனியாக ஒன்று இருக்கும். அது கெட்டால் வண்டி கேஸுக்கு மாறாமல் பெட்ரோலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் தீரவே இல்லையே என்று சந்தோஷப்பட்டால் பெட்ரோல் பங்க்கில் கணக்கு தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

பித்தளை மூக்குக்குள் ஒரு சின்னத் தெர்மிஸ்டர், அதிலிருந்து இரண்டு வயர். பெரும்பாலான வண்டிகளில் சென்சார் என்பது இதுதான். சாதாரண உலோகக் கம்பி சூடானால் மின்தடை கூடும், இதில் குறையும். சூடு ஏற ஏற மின்தடை இறங்கும் இந்தக் குணத்தை 1833-ல் மைக்கேல் ஃபாரடே சில்வர் சல்பைடில் கண்டார். இன்றைய சென்சாரில் இருப்பது மாங்கனீஸ், நிக்கல் போன்ற உலோக ஆக்சைடுகளைச் சுட்டு எடுத்த மணி.

இசிஎம் தனக்குள் இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக 5 வோல்ட்டை இந்தச் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சாரின் தடை குறையக் குறைய அந்த வயரில் வோல்டேஜ் இறங்கும், அதைப் பார்த்து இசிஎம் சூட்டைக் கணக்கிடும். இதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் அங்கேயே நிற்கும். இசிஎம் அதைக் கடுங்குளிர் என்று படிக்கும், ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி காட்டும். சோமனூரில் மைனஸ் 40! இரண்டு வயரும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும், ஸ்கேனரில் 130 டிகிரிக்கு மேல் காட்டும். முதலாவதற்கு பி 0118, இரண்டாவதற்கு பி 0117 என்ற கோடு பதிவாகும். விட்டு விட்டுத் தொடர்பு போனால் பி 0119. எண்ணைப் பார்த்ததும் சென்சாரைத் தூக்கிப்போடாதீர்கள். இந்த மூன்றும் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டுமே சொல்கின்றன. கோளாறு சென்சாரிலா, கப்ளரிலா, எலி கடித்த வயரிலா என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

பழைய வண்டிகளில் ஒற்றை வயர் சென்சார் இருக்கும். அதன் இன்னொரு முனை இன்ஜின் பாடி வழியாக எர்த் ஆகிறது. இதன் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினால் எர்த் பாதிக்கப்பட்டு முள் குறைவாகக் காட்டலாம். தண்ணீர் குழாய் வேலையில் நல்ல பழக்கம், இங்கே ஆகாது.

முதலில் தண்ணீர், அடுத்தது பஞ்சு

வண்டி வழியில் நின்றதும் பட்டறைக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, ஹீட் முள்ளு மேல போயிருச்சுங்க.”

“தண்ணி பாத்தீங்களா?”

“மீட்டரத்தான் பாத்தேனுங்க.”

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துகிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, துணி போட்டு மெதுவாகத் திறவுங்கள்.

அளவு குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றி நிரப்புவது நம் ஊர் வழக்கம். அங்கேதான் வினையே தொடங்குகிறது. இந்த வட்டாரத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், குடிக்க ஆகாது என்று நாமே கேனில் வாங்கிக் குடிக்கிறோம். அதைச் சூடான இன்ஜினுக்குள் சுற்றவிட்டால், குடத்தின் உள்பக்கம் படிவதுபோல ரேடியேட்டர் குழாயிலும் சென்சார் மூக்கிலும் வெள்ளைப் படிவு ஏறும். சென்சார் மூக்கில் படிவு ஏறினால் அது சூட்டை உணரத் தாமதமாகும். திடீரென்று சூடு ஏறும்போது முள் பின்தங்கியே காட்டும். ஸ்கேனரில் கோடு எதுவும் வராது, ஏனென்றால் மின்சார ரீதியில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

அடுத்து பஞ்சு. தறிக்குடோன் சந்தில் நிற்கும் வண்டியின் ரேடியேட்டர் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி அடைந்திருக்கும், மேலே மழைச் சேறு ஒட்டி இறுகியிருக்கும். ஏசி உள்ள வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடையும் பஞ்சு வெளியிலிருந்து தெரியவே தெரியாது. மங்கலம் ரோட்டில் ஊர்ந்து போகும்போது மட்டும் ஹீட் ஏறி, கருமத்தம்பட்டி தாண்டி நான்குவழிச் சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால், முதல் சந்தேகம் ஃபேன் மீதும் இந்தப் பஞ்சு மீதும்தான் விழ வேண்டும். மாறாக வேகத்தில் ஏறி, நின்றால் இறங்கினால், ரேடியேட்டர் குழாய்க்குள் அடைப்பா, வாட்டர் பம்ப்பா, தர்மாஸ்டாட்டா என்று பார்க்க வேண்டும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது லோடு வண்டியில் முள் கொஞ்சம் ஏறுவது இயல்பு. சமவெளியில் அப்படி ஏறுவது இயல்பல்ல.

பஞ்சை எடுக்கக் காற்றை இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, வந்த வழியே வெளியே தள்ளும்படி அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைச் சாய்த்துப் பிடித்து அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும். அதே கன் சென்சார் கப்ளருக்குள்ளும் தண்ணீரை ஏற்றும். சர்வீஸ் செய்த மறுவாரம் செக் லைட் எரிவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

முள் இறங்கினாலும் பயப்படுங்கள்

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால், அப்பாடா என்று ஓட்டுபவர்கள் அதிகம். இதைவிட ஆபத்தான அறிகுறி வேறில்லை. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சாரின் மூக்கு காற்றில் தொங்கும். காற்று சூட்டைத் தண்ணீர் மாதிரி கடத்தாது. ஹெட் கொதித்துக்கொண்டிருக்க, மீட்டர் குளிர்ந்துவிட்டதாகச் சொல்லும். மோட்டார் வண்டிகளின் தொடக்கக் காலத்தில் ரேடியேட்டர் மூடி மேலேயே தெர்மாமீட்டர் வைத்த ‘பாய்ஸ் மோட்டோமீட்டர்’ என்ற கருவி இருந்தது. 1910-களில் அமெரிக்காவில் வந்தது. அது தண்ணீரில் மூழ்காமல் மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் அளந்தது. நூறாண்டு கழித்தும் இன்றைய சென்சாருக்கும் அந்தப் பலவீனத்தில் ஒரு பங்கு இருக்கிறது: தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. முள் காரணமில்லாமல் இறங்கினால், ஹீட்டர் உள்ள வண்டியில் அதைப் போட்டுப் பாருங்கள். சூடான காற்று வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

மூன்று சோதனைகள்

காலையில் செய்யும் சோதனைதான் எளிது, காசும் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரிலோ செல்போனோடு இணையும் ஓபிடி ப்ளூடூத் கருவியிலோ கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 26 டிகிரி, கூலன்ட் 27 என்றால் நல்லது. காற்று 26, கூலன்ட் 45 என்றால் சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது. பிறகு ஸ்டார்ட் செய்து விடுங்கள். சூடு சீராக ஏறி, தர்மாஸ்டாட் திறக்கும் இடத்தில், பல வண்டிகளில் அது 82 டிகிரியை ஒட்டி இருக்கும், சற்றுத் தயங்கி நிலைக்க வேண்டும். நடுவில் 60-லிருந்து 20-க்குக் குதித்து மறுபடி 62 என்று வந்தால் சூடு குதிக்கவில்லை, தொடர்புதான் விட்டுப்போகிறது. கப்ளர் வயரைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே பார்த்தால் எந்த இடத்தில் விடுகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, கப்ளரைக் கழற்றிச் செய்வது. சாவி போட்ட நிலையில், இன்ஜின் ஓடாமல், வயர் பக்கக் கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு வயரிங்கிலோ இசிஎம்மிலோ, சென்சாரில் இல்லை. 5 வோல்ட் இருந்தால், கழற்றிய நிலையில் ஸ்கேனர் மைனஸ் 40 காட்டுகிறதா, சின்ன வயரால் அந்த இரண்டு பின்னையும் இணைத்தால் 130-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் வயரிங்கும் இசிஎம்மும் சரி, சந்தேகம் சென்சார் மேல்தான். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மறுபடி சோதியுங்கள். பல வண்டிகள் இந்த இடத்திலேயே குணமாகிவிடும். ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய வண்டியில் வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும், வயரைப் பாடியில் தொட்டால் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். ஒரு நொடிக்கு மேல் தொட்டு வைத்தால் மீட்டர் கெடும்.

மூன்றாவது, சென்சாரைக் கழற்றிப் பாத்திரத்தில் போடும் பழைய முறை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். தண்ணீரில் சென்சாரின் உலோக மூக்கு மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சென்சாரின் இரண்டு பின்னிலும் பிடியுங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டும். 40-ல் 1,180 அளவுக்கு இறங்கும், 60-ல் 600, 80-ல் 320, 100-ல் 190-க்குச் சற்றுக் குறைவு. காலை நேரத் தொட்டித் தண்ணீரில் 30 டிகிரி இருந்தால் 1,700 ஓம் வரும். வேறு வகையில் எண்கள் மாறும், அதனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்து எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். எண்ணைவிட முக்கியம் இறங்கும் விதம். சூடு ஏற ஏறத் தடை தொய்வில்லாமல் இறங்க வேண்டும். நடுவில் நின்றாலோ, மேலே குதித்தாலோ, ஆறும்போது பழைய எண்ணுக்குத் திரும்பாவிட்டாலோ சென்சார் கெட்டது.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கொதிநிலையை அளவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை 100 என்று எடுக்காதீர்கள். கோவைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 99 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும்.

இன்ஃப்ராரெட் கன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அடித்தால் அது நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். தர்மாஸ்டாட் மூடி மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னத் துண்டு ஒட்டி, அதன் மேல் அடியுங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சென்சார் பெரும்பாலும் தர்மாஸ்டாட் மூடியிலோ ஹெட்டின் ஓரத்திலோ இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கூலன்டைச் சென்சார் மட்டத்துக்குக் கீழே வடியும் வரை மட்டும் சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மரை உள்ள சென்சாருக்கு டீப் சாக்கெட் போடுங்கள். பித்தளையை அலுமினியத்தில் முறுக்குகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். பல வண்டிகளில் 20 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கம், அதாவது வாஷர் நசுங்கி உட்காரும் அளவு. அதற்கு மேல் முறுக்கினால் ஹெட்டில் மரை போய், லேத்துக்கு நடக்க வேண்டியதுதான். சில வண்டிகளில் மரையே இருக்காது, ஓ ரிங்கும் கிளிப்பும்தான். பழைய ஓ ரிங்கையோ வாஷரையோ மறுபடி போடாதீர்கள்.

மூக்கில் வெள்ளைப் படிவு மட்டும் இருந்து, பாத்திரச் சோதனையில் எண்கள் சரியாக வந்தால், வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவி மாட்டலாம். உப்புத்தாள் வேண்டாம். எண்கள் தவறினால் புதிது வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி, மரையும் சேரும் என்று வேறு வண்டியின் சென்சாரைப் போடுவது வீண் வேலை. தடை அளவு வேறாக இருந்தால் கோடு வராமலேயே எல்லாம் பிசகும். கடையிலேயே ஓம் அளந்து வாங்குவது நல்லது.

இங்கே ஒரு வழக்கத்தை எதிர்த்தே ஆக வேண்டும். ஹீட் பிரச்சினைக்குத் தர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘இனி ஹீட்டே வராதுங்க’ என்று அனுப்பும் வழக்கம். பழைய மெக்கானிக்கல் டீசலில் அதைச் செய்து தப்பித்தவர்கள் இருக்கலாம். கணினி உள்ள வண்டியில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், இசிஎம் இன்னும் குளிராக இருக்கிறது என்று எரிபொருளைக் கூட்டும், மைலேஜ் விழும், பி 0128 கோடு வரும். பிறகு அந்தக் கோட்டைப் பார்த்துச் சென்சாரை மாற்றுவார்கள். நல்ல சென்சார் குப்பைக்குப் போகும், கோடு போகாது.

மாட்டி முடித்ததும் கூலன்டை வண்டி நிறுவனம் சொன்ன வகையில் நிரப்புங்கள். கலந்தே வருவது வசதி. கலக்க வேண்டியதாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான், போர் தண்ணீர் இல்லை. அவசரத்துக்கு வழியில் ஊற்றியிருந்தால் ஊர் வந்ததும் வடித்து மாற்றுங்கள். காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நிற்கும் வரை நிரப்ப வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அது சென்சார் இருக்கும் உயரமான இடத்தில்தான் வந்து உட்காரும், புதுச் சென்சாரும் குதித்துக் குதித்துக் காட்டும். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயோ குழந்தையோ நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைச் சாக்கடையில் ஊற்றினால் போய்ச் சேரும் இடம் நொய்யல். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு அந்த ஆறு பட்டது போதும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பெரிய சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள்.

கோடுகளை அழித்துவிட்டு, ஃபேன் ஒருமுறை தானாக ஓடி நிற்கும் வரை வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். எந்தச் சூட்டில் ஃபேன் ஓடத் தொடங்கியது, எதில் நின்றது, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளவு என்ன, மாட்டிய தேதி, கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆர்சி, இன்சூரன்ஸ் வைத்திருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை முள் ஏறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் போதும்.